இறங்கிய தோள்

தையல்காரர் வலது தோளின் படத்தை அழுத்தினார், தைலம் வந்தது. மறுபடியும் அழுத்தினார், தைலத்தோடு வெந்நீர் ஒத்தடமும் வந்தது. "எனக்கு வலது தோள் வலிக்கிறது" என்று மடியிலிருந்த போன் மணிமணியாகச் சொல்ல, அவருடைய மனைவி கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோள்பட்டையைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தாள். பிறந்ததிலிருந்து அந்தத் தோளில் அவருக்கு ஒரு நாளும் வலி வந்ததில்லை. இப்போது வந்துவிடும்போல் இருந்தது. அவர் சொல்ல நினைத்தது வேறொரு மனிதனுடைய தோளைப் பற்றி.

பக்கவாதம் வந்தபோது வலது கையிலும் காலிலும் பாதியையும், பேச்சில் முக்காலே மூன்று வீசத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. விட்டுவைத்தது 'சரி' என்ற ஒரே சொல்லை. வாழ்நாளில் அவர் யாரிடமும் 'சரி' என்று சொன்னவரில்லை. வாடிக்கையாளர் கைநீளம் கூட்டச் சொன்னால் குறைப்பார், குறைக்கச் சொன்னால் கடையை விட்டே போகச் சொல்வார். புழங்காத பாத்திரம் கீறல் விழாமல் கிடப்பதுபோல் அந்த ஒரு சொல் மட்டும் புதுசாகத் தங்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கெட்ட வார்த்தையாவது ஒன்று மிஞ்சியிருக்கக்கூடாதா என்று அவருக்கு ஆதங்கம். தலைக்குள் எல்லாச் சொற்களும் வரிசையாகத்தான் நின்றன. வாசலுக்கு வந்ததும் எல்லாம் 'சரி'யாகிவிட்டன.

மகள்தான் அந்தச் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். படத்தைத் தொட்டால் போன் பேசும். சாப்பாடு, தண்ணீர், விசிறி, கழிப்பறை, வலி. எல்லாப் படத்திலும் ஒரே மனிதன் சிரித்துக்கொண்டே இருந்தான், வயிற்றுவலிக்கும் சிரித்தான். குரல் இருபது வயதுப் பெண்ணுடையது, அதுவும் செய்தி வாசிக்கிற பெண். "தயவுசெய்து எனக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்று முதல்முறை அது கேட்டபோது அவருடைய மனைவி, யாரோ விருந்தாளி வந்திருக்கிறாள் என்று நினைத்து நல்ல டம்ளரை எடுத்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா வாரம் தவறாமல் வந்து, "அழுத்துங்க, தப்பானாலும் அழுத்துங்க, போகப்போகப் பிடிபடும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவரும் அழுத்தித்தான் பார்த்தார். உலகத்தில் மனிதனுக்குத் தேவையானது எல்லாம் அதற்குள் இருந்தது, அவருக்குத் தேவையானதைத் தவிர.

அன்றைக்குத் தேவையானது இதுதான். வெட்டுமேசையின்மேல் தலைமையாசிரியரின் கோட்டுத்துணி விரிந்துகிடந்தது. கடல்தாண்டி அவர் தம்பி கொண்டுவந்த துணி. கெட்டுப்போனால் இன்னொரு முழம் கிடைக்காது. தையல்காரர் வெட்டுவார், மனைவி தைப்பாள். கடை திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். இன்றைக்கு முதன்முதலாக அவள் கத்திரியை எடுத்திருந்தாள். மகள் போனில் ஒரே பிடியாக நின்றாள், கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று. இவள் ஒரு தவணை வாங்கியிருந்தாள்: இந்தக் கோட்டு தலைமையாசிரியர் உடம்பில் உட்கார்ந்தால் கடை இருக்கும், உட்காராவிட்டால் பெட்டியைக் கட்டிவிடலாம்.

உட்காராது. அது இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். தலைமையாசிரியருக்கு வலது தோள் ஒரு விரற்கடை இறக்கம். பார்த்தால் தெரியாது, கோட்டுப் போட்டால்தான் தெரியும். தோள் இறங்கியவனிடம் தோள் இறங்கியிருக்கிறது என்று சொன்னால் அடுத்த தீபாவளி என்ன, அடுத்த ஜென்மத்துக்கும் அந்தக் கடைப்பக்கம் வரமாட்டான். அதனால் தையல்காரர் அளவுகளை உரக்கச் சொல்வார், குறையை வாயால் சொல்லமாட்டார். எந்தத் தோள் இறக்கமோ தன்னுடைய அந்தத் தோளில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொள்வார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். தலைமையாசிரியர் வந்த அன்றைக்குப் பார்த்து அவள் பொத்தான் வாங்கப் போயிருந்தாள். பார்க்க ஆளில்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் டேப்பை வலது தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அளவுச்சீட்டைத் துணியில் குத்திவைத்தார். தோள் விஷயத்தை அவள் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தார். அதற்குள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் வாய் கோணிவிட்டது.

இப்போது அவர் சாய்வு நாற்காலியில், அவள் மேசையில், நடுவில் அவரால் தாண்ட முடியாத தரை. டேப்பு அவள் கழுத்தில் இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கியது. அவள் போட்டிருந்த சாக்பீஸ் கோடு அவர் போடுவதைவிட நேராக இருந்தது. அது வேறு எரிச்சலைக் கிளப்பியது.

"வெட்டட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று தலையைப் பலமாக ஆட்டினார். "சரி சரி" என்றது வாய்.

"வாய் சரிங்குது, தலை வேண்டாங்குது. நான் எதைக் கேக்கட்டும்?"

செயலியில் உடுப்புகள் இருந்த பக்கத்துக்குப் போய்க் கோட்டுப் படத்தைத் தேடினார். கோட்டு இல்லை, சட்டை இருந்தது. அழுத்தினார். "எனக்குச் சட்டை மாற்ற வேண்டும்" என்றது அந்தப் பெண். அவள் பெருமூச்சு விட்டபடி வந்து சட்டையை மாற்றிவிட்டாள். தைல வாசனையோடு சலவைச் சட்டையில், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். இடது கையால் அவள் கழுத்தைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்து, "சங்கிலி பத்திரமாத்தாங்க இருக்கு" என்றாள். மறுபடி காட்டினார். அவள் முகம் மாறிவிட்டது.

"எனக்குப் புரியுது. நான் கத்திரியைத் தொடுறதே உங்களுக்குப் பிடிக்கலை. இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை வெட்ட விட்டிருப்பீங்களா? படுத்தாலும் விடமாட்டேன்னு நிக்கிறீங்க. அதானே?"

"சரி சரி சரி" என்றார் தையல்காரர், உயிரைக் கொடுத்து மறுத்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கத்திரியைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில், ஒரு சுருக்கம்கூட இல்லாத அந்தத் துணியை இன்னொரு தரம் நீவினாள். அந்த ஒரு நீவலுக்குள் அவர் பக்கம் பக்கமாகத் தள்ளினார். பழங்கள், வண்டிகள், சொந்தக்காரர்கள், விலங்குகள். விலங்குகளில் அவர் விரல் நின்றது. மஞ்சள் உடம்பு, உடம்பெல்லாம் கறுப்புக் கோடு, நீளமாக, சுருண்டு. அளவு டேப்பை இதைவிட அச்சாக யாராலும் வரைந்திருக்க முடியாது. இத்தனை நாளில் முதன்முறையாக அந்தச் செயலியின்மேல் அவருக்கு மரியாதை பிறந்தது. அழுத்திவிட்டு, அவள் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"பாம்பு" என்றது அந்தப் பெண், பதறாமல்.

எதைச் சொன்னாலும் தப்பாக எடுத்துக்கொண்ட அந்த வீட்டில் இதை மட்டும் முதல் தடவையிலேயே நம்பினார்கள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து சைக்கிள் கடைக்காரன், கையிலிருந்த காற்றடிக்கிற பம்போடு ஓடிவந்தான். வந்தவன் தையல்காரரிடம் விசாரித்தான்.

"அண்ணே, நல்லாப் பார்த்தீங்களா?"

"சரி."

"கறுப்பா, மஞ்சளா? எந்தப் பக்கம் போச்சு?"

"சரி சரி."

"ரெண்டு இருக்கும்போல அண்ணி" என்றான் அவன்.

செய்தி தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாம்பு இரண்டு ஆள் நீளம் வளர்ந்து, அங்கிருந்து ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தபோது தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டு சீறியது. அண்ணன் காலைத் தரையில் வைக்கக்கூடாது என்று சைக்கிள்காரன் முடிவுசெய்தான். நானும் மனுஷன்தானடா என்று அவர் 'சரி'யால் கத்தக் கத்த, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டுபோய் வெட்டுமேசைமேல், தலைமையாசிரியரின் துணிமேலேயே உட்காரவைத்தான். போன் துணிமடிப்புக்குள் எங்கோ விழுந்தது. பிறகு மூலைமுடுக்கெல்லாம் பம்பால் குத்திப் பார்த்துவிட்டு, அது சாக்கடைக்குள் போயிருக்கும் என்று தீர்மானித்து வெளியே ஓடினான். கூட்டமும் அவன் பின்னால் போயிற்று.

மனைவி மேசையை ஒட்டிய முக்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் கத்திரி, ஒரு கையில் அவருடைய தோள். டேப்பு அவருடைய மூக்குக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

அவர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். "விழமாட்டீங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். அவர் டேப்பைப் பிடித்து இழுத்தார். அது அவள் கழுத்திலிருந்து வழுக்கி, முழுதும் வலது தோள் பக்கமாகத் தொங்கியது. அவள் சரிசெய்துகொண்டாள். மறுபடி இழுத்தார். மறுபடி சரிசெய்தாள். மூன்றாம் தடவை இழுத்துவிட்டு, சரிசெய்ய வந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அவள் தன் தோளைப் பார்த்தாள். துணியில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தாள். முக்காலியிலிருந்து இறங்கி, பாம்புள்ள தரையில் வெறுங்காலோடு நின்றாள்.

"அவருக்கா?"

"சரி" என்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தச் சொல் தன் வேலையைப் பார்த்தது.

"எவ்வளவு?"

ஒரு விரலைத் துணியின்மேல் படுக்கப்போட்டார். அவள் அதன் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவருடையது தடிமன். அவருடைய விரலை ஒட்டியே சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள்.

"அதுக்குத் தைலம் தேய்க்க வச்சீங்களே" என்றாள். பழைய சாக்பீஸ் கோட்டைத் தட்டி அழித்துவிட்டுப் புதுக்கோடு போட ஆரம்பித்தாள். பாதியில் கோடு நின்றது. "கொஞ்சம் நகருங்க. முதுகுப்பக்கத்துத் துணி மேலேயே உட்கார்ந்திருக்கீங்க."

அவர் நகர்ந்தார். துணிக்கு அடியிலிருந்து அந்தப் பெண், "பாம்பு" என்றாள். இரண்டு பேரும் திரும்பவில்லை. வெளியே சைக்கிள்காரன் பம்பால் சாக்கடையை அடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள், வலது தோளில் மட்டும் தொங்கிய டேப்பு துணிமேல் நீளமாக இறங்கிச் சுருண்டு கிடக்க, அதற்கு ஒரு விரல் தள்ளிக் கத்திரி வாயைத் திறந்தது.