மூன்றில் எது பலமானது

மார்கழியில் வடக்கத்தியாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தில்லியின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் கல்யாண மண்டபங்கள் அந்த ஒரு மாதம் ஈ ஓட்டும். அப்படி ஈ ஓட்டுகிற மண்டபம் ஒன்றில் தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் ரிமோட்டோடு ஆட்கள் ஏறி நின்று, கார் பந்தயம் விடுவார்கள். கார் என்றால் முழங்கை நீளம்தான். ஐம்பதைத் தாண்டிய என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் அதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சில் கண்டுவிட்டு, ஞாயிறு காலை மோதி பாக் வீட்டிலிருந்து மூடுபனிக்குள் ஸ்கூட்டரை விரட்டுவார். பின்னால் சாமான் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நான், ஹெலன்.

எனக்கு அந்தக் காரை ஓட்டத் தெரியாது. மோட்டாருக்கு ரோட்டர் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. ரோட்டர் என்பது மோட்டாருக்குள் சுழலும் காந்த உருளை. விரல் தடிமன், நடுவில் ஒரு மெல்லிய தண்டு. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மோட்டார்தான். உள்ளே போடும் ரோட்டரை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றலாம். நீளமான பாதை என்றால் ஒல்லி ரோட்டர், வேகம் கிடைக்கும். வளைவு வளைவாக இருந்தால் தடித்தது, வளைவை விட்டு எழும்பும்போது இழுவை கிடைக்கும். இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே தடிமனில் மூன்று இருந்தால் எந்தக் காந்தம் பலமானது என்று சொல்வதுதான் கஷ்டம். சூடேறிச் செத்துப்போன காந்தமும் பார்வைக்குப் புதுசு மாதிரியே மினுக்கும். சும்மா சுழலவிட்டால் மற்றதைவிட வேகமாகக்கூடச் சுழன்று ஆளை ஏய்க்கும். பாதையில் இறக்கினால் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரோட்டரை மோட்டாரில் மாட்டி, தண்டை இரண்டு விரலால் மெல்லத் திருப்ப வேண்டும். பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பலமான காந்தம் இறுக்கிப் பிடிக்கும். செத்தது வழவழவென்று போகும். நடுத்தரமானவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். பெலிக்ஸின் விரலுக்கு அந்த வித்தியாசம் எட்டாது. அவர் லோதி ரோட்டு ஆபீசில் ஃபைல் புரட்டுகிற மனுஷர். நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் புறங்கையில் கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரலால் தேடி எடுத்து ஊசி ஏற்றுவேன். மற்ற வார்டுகளிலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். தலைக்கனம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் மார்பில் கட்டி. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி திரும்பி வந்தது, விரல் வரவில்லை. நுனியெல்லாம் மரத்துப்போய், எதைத் தொட்டாலும் தடித்த கையுறை போட்டுத் தொடுகிற மாதிரி இருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. டம்ளர் கைதவறினால் குளிர் என்பேன். மனசுக்கும் அதே கதிதான். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

வார்டு பொறுப்பில் இருக்கும் மரியா சிஸ்டர் போன் செய்து, "திங்கட்கிழமையிலேருந்து வார்டுக்கு வர்றியா ஹெலன்? முடியாதுன்னா சொல்லு, ஸ்டோர்ல போடச் சொல்றேன்" என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். எனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பந்தயத்துக்குப் பலமான ரோட்டரை என் விரல் எடுத்துக் கொடுத்தால் வார்டு. இல்லாவிட்டால் காலம் முழுக்க ஸ்டோரில் பஞ்சு எண்ண வேண்டியதுதான். பெலிக்ஸிடம் இதைச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் நானே ஒரு கூத்து பண்ணியிருந்தேன். மூன்று தடித்த ரோட்டர்களில் ஒன்று ஜூன் வெயிலில் வெந்து செத்துப்போனது. எதையும் தூக்கிப்போட மனசு வராத மனுஷர், அதன் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். வீட்டில் சும்மா கிடந்த ஒரு நாள் நான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வைத்தேன். நர்ஸ் புத்தி எங்கே போகும்? பஞ்சில் கறுப்பாக ஒட்டியதை அழுக்கு என்று நினைத்தேன். அதோடு புள்ளி போயிற்று.

மண்டபத்தில் அன்றைக்கு ஒரே வளைவாகப் பாதை போட்டிருந்தார்கள்.

"தடிச்சதுதான் வேணும். எது நல்லதுன்னு பாத்துத் தா. ஜல்தி" என்று பெலிக்ஸ் ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தார்.

முதலாவதைத் திருப்பினேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைத் திருப்பினேன். வேறு யாரோ திருப்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் பிடித்தது போலவும் இருந்தது. பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் பிடித்தது போலத் தோன்றாதா?

"இதுதான்."

"நெசமாவா?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்களோ?"

"அச்சா, அச்சா. நீ போய் டீ வாங்கிட்டு வா. நான் திருகெல்லாம் முடுக்கி வைக்கேன்."

தகுதிச் சுற்றில் எங்கள் கார் பறந்தது. ஒவ்வொரு வளைவையும் விட்டு எழும்பும்போது மற்ற கார்களை நின்ற இடத்தில் விட்டுவிட்டுப் போனது. முதலிடம். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது, அதனால் சிரித்தேன். பிறகு ஓரமாகப் போய் மரியா சிஸ்டருக்கு, "கை நல்லாயிருக்கு சிஸ்டர், நாளைக்கு வார்டுக்கு வாரேன்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "நல்லதாப் போச்சு ஹெலன். குறைமாசத்துல ஒரு பிள்ளை வந்திருக்கு. இங்க யாருக்கும் நரம்பே ஆப்பிடல. நீ வந்துடுவன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தபோது அனிருத் நின்றிருந்தான். எங்களுக்குப் பக்கத்து மேசைக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"அக்கா, பெலிக்ஸ் ஸார்கிட்ட என் மீட்டர் இருக்கு. எனக்கு இப்ப வேணும்."

"என்ன மீட்டர்?"

"மேக்னட் பாக்கற மீட்டர். ரோட்டர் பக்கத்துல வெச்சா நம்பர் வந்துடும், கைல பாக்கத் தேவையே இல்ல. ஸார் வீட்டுல மூணும் பாத்தாச்சு. ஒண்ணு பில்குல் டெட்னு சொன்னாரே?"

பெட்டியைத் திறந்தேன். மீட்டர் துணிக்கு அடியில் இருந்தது. காரில் இருப்பது போக, பெட்டியில் தடித்த ரோட்டர் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. பெலிக்ஸ் அப்போதுதான் மேடையை விட்டு இறங்கி வந்தார். மீட்டர் என் கையில் இருப்பதைப் பார்த்ததும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"சட்டைப்பையில என்ன வச்சிருக்கீங்க?"

எடுத்து மேசையில் வைத்தார். நான் எடுத்துக் கொடுத்த ரோட்டர். மீட்டரைப் பெட்டியில் கிடந்ததற்கும் இதற்கும் பக்கத்தில் கொண்டுபோனேன். பெட்டியில் கிடந்ததற்குக் காட்டிய எண்ணில் பாதிகூட இதற்குக் காட்டவில்லை. அனிருத் மீட்டரை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினான்.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அடுப்புலேருந்து சட்டிய வெறுங்கையால எறக்கினேல்லா, அன்னைக்கே. கொப்புளம் வந்தது கூட ஒனக்குத் தெரியல. கேட்டா குளிருன்னு சொல்லுத. ஆகஸ்ட் மாசம் என்னட்டி குளிரு?"

"அப்பவே மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன். இன்னைக்கு ஒரு நாளாவது ஜெயிச்சுட்டோம்னு சந்தோசமா இருக்கட்டுமேன்னுதான் மாத்துனேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"வார்டுக்கு வாரேன்னு இப்பத்தான் மரியா சிஸ்டருக்குச் சொல்லிவிட்டேன். குறைமாசப் பிள்ளை ஒண்ணு எனக்காகக் காத்துக் கெடக்கு. நீங்க ஜெயிக்க வச்ச இந்தக் கையாலதான் நாளைக்கு அதுக்கு நரம்பு தேடப் போறேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு இது தெரியாது, நான் சொன்னால்தானே தெரியும். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. மாசக்கணக்காக எதுவுமே வராத இடத்தில் அது வந்து, கொஞ்ச நேரம் சுட்டுவிட்டு, அதுவும் அடங்கிப்போனது. மறுபடி பழைய வெறுமைதான்.

"கடைசிச் சுற்றுக்கு நான் எடுத்ததையே மாட்டுங்க."

"தோத்துருவோம் ஹெலன்."

"தோப்போம். அது எப்படி ஓடுதுன்னு நான் பாக்கணும்."

அவர் திருகுகளைக் கழற்றினார். ஒரு திருகு உருண்டு கீழே விழுந்தது, குனிந்து எடுத்தார். என் விரல் சும்மா மேசை மேல் கிடந்தது. ரோட்டரை மாற்றி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேடையேறினார். விசில் அடித்தார்கள். கார்கள் கிளம்பின. நான் போனை எடுத்தேன்.

"சிஸ்டர், நாளைக்கு நான் வார்டுக்கு வரல. அந்தப் பிள்ளைக்கு வேற ஆளைப் பாருங்க. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல."

"என்ன ஹெலன் சொல்ற? எந்த விரல்ல?"

"பத்துலயும்."



"சித்த முன்னாடிதானே நல்லாயிருக்குன்ன?"

"அது பொய் சிஸ்டர்."

"சரி. பிள்ளையை நான் பாத்துக்கறேன். நீ அழாத."

"நான் அழல."

"அங்க என்ன சத்தம்?"

"கார் பந்தயம். எங்க வீட்டுக்காரர் ஓட்டுதாரு."

"ஜெயிக்கிறாரா?"

எங்கள் கார் வளைவில் திணறி நின்று நின்று எழும்பியது. ஒவ்வொன்றாக எல்லாக் கார்களும் அதைத் தாண்டிப் போய்விட்டன. பெலிக்ஸ் பாதியில் நிறுத்தவில்லை. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சிஸ்டர், கடைசியா வாராரு" என்றேன். "அது நான் எடுத்துக் குடுத்த ரோட்டர்."