ஒன்பது மேற்கோள்கள்

அறுபத்தொரு மேற்கோள்கள் இருந்தன. உலகத்தில் அறுபத்தொரு கட்டுரைகள் ஷரொல்டாவின் கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தன. முப்பது இருந்தாலே உயர் டாக்டர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அன்றைய புதாபெஸ்டில் எங்கள் வட்டாரத்தின் எழுதாத விதி. தன்னைத் தானே குறிப்பிட்டதும், உடன் எழுதியவர்கள் குறிப்பிட்டதும் சேராது. அவற்றை நீக்கித் தரும்படி என்னைக் கேட்டிருந்தாள். எட்டு வருடமாக அவள் பக்கத்து மேஜை என்னுடையது.

"அறுபத்தொண்ணும் சுத்தம். கையெழுத்துப் போட்டு அனுப்புங்க," என்றேன்.

"இன்னும் ஒரு தடவை சலிக்கணும், எனிக்கோ."

எனக்குப் புரிந்துவிட்டது. யார் யாரை ஏன் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று ஆராயும் எங்கள் துறையில் இரண்டு கட்சிகள். மேற்கோள் என்பது பெற்ற உதவிக்குச் சொல்லும் நன்றி என்றது ஒன்று. வாதத்தில் ஜெயிக்கப் பெரிய பெயர்களைத் துணைக்கு இழுப்பது என்றது மற்றொன்று. ஷரொல்டா இரண்டையும் மறுத்து இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். எண்ணுவதற்கு முன் மேற்கோள் வரும் வாக்கியத்தைப் படியுங்கள், எதற்காகக் குறிப்பிட்டார் என்று அதுவே சொல்லும் என்பது அவள் கட்சி. இப்போது பட்டத்துக்குப் போவதும் அந்தக் கட்டுரைதான்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? குழுவுல யாரும் அதைக் கேக்கலையே."

"படிக்காம எண்ணாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, என் கணக்குக்கு மட்டும் கண்ணை மூடிக்கட்டுமா?"

மூன்று நாள் உட்கார்ந்தோம். நான் வாக்கியத்தை வாசிப்பேன். அந்த மேற்கோளைக் குறித்துவைத்த அட்டையை அவள் இரண்டு செருப்புப் பெட்டிகளில் ஒன்றில் போடுவாள். கட்டுரையை நிஜமாகவே படித்து எழுதியிருந்தால் இடது பெட்டி. ஆறு பெயர்களுக்கு நடுவில் ஒரு பெயராக அவள் வந்திருந்தால் வலது பெட்டி. அந்தப் பெட்டிதான் நிறைந்துகொண்டே போனது. லைப்சிக்கிலிருந்து ஒருவர் அவளுடைய அடிப்படையே கோணல் என்று எழுதியிருந்தார். கேட்காமலே அதை வலது பெட்டியில் போடப் போனேன்.

"ஏய், அது இடது."

"அந்த ஆளு திட்டியிருக்காரு."

"திட்டட்டுமே. பதினேழாம் பக்கத்துல ஒரு ஓட்டையை நான் பூசி மெழுகியிருந்தேன். அதைப் பிடிச்சிருக்கான் பாவி. கடைசிவரைக்கும் படிச்சவன் அவன்."

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். என்னை யாராவது இப்படித் திட்டினால் நான் ஒரு வாரம் தூங்கமாட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் நாற்பத்தேழாவது அட்டை வந்தது. அதில் என் பெயர். அது வரும் என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய வாக்கியத்தை நானே வாசித்தேன். ஐந்து பெயர்கள். நான்காவது அவள்.

"பக்கம் என்னன்னு போட்டிருக்க?"

"இருநூத்துப் பதினாலு."

"என் கட்டுரை ஆரம்பிக்கிறது இருநூத்து நாப்பத்தொண்ணுல. பிராக்ல ஒருத்தர் முதல்ல மாத்திப் போட்டார். அப்புறம் அஞ்சு பேர் அவரைப் பார்த்து அப்படியே போட்டிருக்காங்க. நீ ஆறாவது."

கட்டுரையைத் திறந்திருந்தால் அந்தத் தவறு என் கண்ணில் பட்டிருக்கும். நான் திறக்கவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"உன் கட்டுரை வந்த அன்னிக்கே. பொகாச்சா ரொட்டியை எடுத்துக்கோ, ஆறிப்போகுது."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவளைக் கௌரவித்ததாகத்தான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளைப் படித்தவள்போலத் தோன்றுவதற்கு அவள் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அட்டையை நானே வலது பெட்டியில் போட்டேன்.

ஒன்பது மிஞ்சின. ஒன்பதையும் அந்தந்த வாக்கியத்தோடு தட்டச்சு செய்து அனுப்பினாள். இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி முடிவு செய்வது என்று குழு ஒரு வருடம் தள்ளிப்போட்டது. பட்டியலில் புதிதாக ஏதும் சேர்ந்தால் கொடுக்கலாம் என்றார்கள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

குழுவின் முடிவு வந்த அன்று டிராமில் போகும்போதே அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் படிக்க ஆரம்பித்தேன். என் நிறுத்தம் தாண்டியதே தெரியவில்லை. இவ்வளவு நாள் இதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன்? பதினேழாம் பக்கத்து ஓட்டை எனக்கும் தெரிந்தது. பதினெட்டில் வேறொன்றும் இருந்தது. அதை மறுத்து எழுத எட்டு மாதம் பிடித்தது.

அச்சான பிரதியை அவள் மேஜையில் வைத்தேன். முதலில் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலைத்தான் புரட்டினாள்.

"இருநூத்து நாப்பத்தொண்ணு. சரியாத்தான் இருக்கு."

பிறகு முதலிலிருந்து படித்தாள். காப்பி ஆறிப்போனது.

"அடிப்பாவி, பதினெட்டுலயுமா?" என்றாள். புதிய அட்டை ஒன்று எடுத்து, மேல் மூலையில் பத்து என்று எழுதினாள்.

பத்து அட்டைகளோடு இரண்டாம் முறை போனாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பட்டம் கிடைத்தது.

"நாலு பேர் எதிர்த்தாங்களாமே," என்றேன் வருத்தத்தோடு.

"ஆமா," என்றாள் ஷரொல்டா, கோட்டை மாட்டிக்கொண்டே. "நாலு பேரும் நல்லாப் படிச்சிருக்காங்க போல."