ஐந்தாவது தொட்டிக்கு வந்த ரோஜா

அந்த வருடத்தின் ஐந்தாம் மாதம், மூன்றாம் மாடியில் குடியிருந்த ரயில் அறிவிப்பாளர் வீட்டுக் கற்றாழையில் ஒரு சிவப்பு ரோஜா பூத்தது. நாற்பது நிமிடம் தாமதமாகப் பூத்தது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறிவிப்பாளர் என்பதுகூட மரியாதைக்குத்தான். வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்லிவந்தவர். தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். வருடத் தொடக்கத்தில் அதிகாரிகள் அவரை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, எண்களையும் ஊர்ப்பெயர்களையும் ‘தாமதமாக’, ‘ரத்து’, ‘வருந்துகிறோம்’ போன்ற சொற்களையும் மூன்று நாள் பதிவு செய்தார்கள். குரலுக்குக் கிடைத்த கௌரவம் என்று நினைத்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். தொண்டைக்கு இதமாக வெந்நீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தார். நான்காம் நாள் குரலை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைப் புதுச்சட்டையோடு செய்த முதல் ஆள் தான்தான் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் உட்கார்ந்த மனிதர் சும்மா உட்காரவில்லை. காபி ஆறு நிமிடம் தாமதம் என்றார். குளியலறை காலியாக இன்னும் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றார். மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள், சத்தம் ஆகாதவள். ஒரு மாதம் பொறுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். “அக்கா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன். இந்தச் செடிங்களையாவது சாகடிக்காம பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள் வாரக்கணக்கில் வரவில்லை. போனில் அவள் செடிகளை விசாரித்தாளே தவிர அவரை விசாரிக்கவில்லை. பால்கனியில் இருந்த அந்த ஆறு தொட்டிகளும் வாடிவிட்டால், அவள் திரும்பி வர மிச்சமிருக்கும் ஒரே சாக்கும் போய்விடும் என்று அவர் பயந்தார்.

செடி வளர்ப்பில் அவர் ஞானம் எவ்வளவு என்றால், கூடத்து அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் செடிக்குப் பதினோரு நாள் தண்ணீர் ஊற்றினார். பன்னிரண்டாம் நாள் காலை, பேச ஆளில்லாமல் வாய் நமநமவென்றிருக்க, மணி பிளான்ட் முன்னால் நின்று தொண்டையைச் செருமி, எட்டு மணிக்கு வரவேண்டிய இலை பத்து நிமிடம் தாமதமாக வரும் என்று அறிவித்தார். எட்டு பத்துக்கு இலை வந்தது. இலை வந்ததில் அவருக்கு ஆச்சரியமில்லை. அவர் சொன்ன நேரத்துக்கு ஒன்று வந்து சேர்ந்ததே, அதுதான் ஆச்சரியம். ரயில்கள் ஒருநாளும் அந்த மரியாதையைத் தந்ததில்லை. அதன்பிறகு எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. கீழ்வீட்டுத் தையற்காரர் மணி பிளான்டைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். பழக்க தோஷத்தில் ஒருநாள், மூன்றாவது தொட்டிக்கு வரவேண்டிய ரோஜா நாற்பது நிமிடம் தாமதமாக ஐந்தாவது தொட்டிக்கு வரும் என்று சொல்லித் தொலைத்தார். ஐந்தாவது தொட்டியில் இருந்தது கற்றாழை. அது மறுப்பேதும் சொல்லவில்லை.

ஆறாவது தொட்டிச் செம்பருத்தி மட்டும் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மனைவி நான்கு வருடமாக வளர்த்தும் மொட்டே விடாத செடி. அது பூத்தால் போன் செய்து கூப்பிடலாம் என்று நாற்பது காலை தொடர்ந்து அறிவித்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மனம் வெறுத்து ஒருநாள் ரயில் நிலையம் வரை நடந்தார். அங்கே அவருடைய குரல் கூட்டத்துக்கு மேலே கணீரென்று வருந்திக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் லட்சம் தடவை வருத்தம் தெரிவித்த வாய், வீட்டில் ஒரு தடவைகூடத் தெரிவித்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து போன் செய்தார். “காபி விஷயத்துல தப்பு என்மேலதான்மா. காபில மட்டும் இல்ல.” மறுமுனையில் ஒரு புத்தகத்தை மூடிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “செம்பருத்திக்குத் தண்ணி ஊத்துனீங்களா?” என்றாள்.

ஊற்றினார். மண்ணைக் கிளறிவிட்டார், பூச்சி எடுத்தார், வாயைத் திறக்காமல் ஸ்டூலைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். ஊரையே காத்திருக்கச் சொன்னவருக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. முதல் வாரம் கால் மரத்துப்போயிற்று. அப்புறம் நகக்கண்ணில் மண்ணோடு உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பிடித்துப்போயிற்று. அந்தக் கெட்ட வருடத்தில் அவர் சந்தோஷமாக இருந்தார். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஒரு காலை செம்பருத்தி தன்பாட்டுக்குப் பூத்திருந்தது. அவர் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போது மனைவி பையோடு வாசலில் நின்றாள். நேராகப் பால்கனிக்குப் போய்ப் பூவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரோஜாவோடு நின்ற கற்றாழையைப் பார்த்து, “கத்தாழைக்கு இவ்ளோ தண்ணி ஆகாது” என்றாள்.

“வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூப்பிட வந்திருப்பேனே.”

“சொல்லியிருந்தா அறிவிச்சிருப்பீங்க. தையற்காரர் எல்லாம் சொன்னார். அப்புறம் நான் லேட்டாதானே வந்திருக்கணும்?”

எட்டு பத்துக்கு மணி பிளான்டில் இலை வந்தது. அவள் அதற்கு இடம்விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அன்று காபி இருபது நிமிடம் தாமதமாக வந்தது. போட்டவர் அவர்தான்.