பச்சைக் காரின் விரிசல்

மலாயாவில் பொந்தியான் ஊர்க் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை நடத்திவந்த கபீர், ஜொகூர் பாருவுக்குப் போய் ஒரு பச்சை நிறக் காரை வாங்கிவந்த நாளில், அந்த ஊர்த் தமிழர்களில் வேறு யாரிடமும் கார் இல்லை. தோட்டத்துத் துரையிடம் இருந்தது. அன்னாசித் தகர ஆலை வைத்திருந்த சீன முதலாளியிடம் இருந்தது. மூன்றாவதாகக் கபீரிடம் வந்தது. பழைய வண்டிதான் என்றாலும் பளபளவென்று இருந்தது. கடை வாசலில் அதை நிறுத்திவிட்டு இறங்கும்போது வேட்டியைச் சரிசெய்துகொள்கிற சாக்கில் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். தெருவில் எல்லோரும் பார்த்து முடிக்கட்டும் என்றுதான்.

விற்றவர் சதாசிவம். ஜொகூர் பாருவில் பழைய கார்களை வாங்கிச் சீர்செய்து விற்கும் கடை அவருடையது. கோட்டு போட்டவர், இங்கிலீஷ் பேசுகிறவர். காரைக் கடற்கரைச் சாலையில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினார். வண்டியை எதற்கு வாங்குகிறேன் என்பதைக் கபீர் ஒளிக்கவில்லை. பொந்தியானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே வாடகைக்கு விடப்போவதாகவும், நாள் முழுக்க ஓட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"தாராளமா ஓட்டுங்க பாய். இஞ்சினுக்கு நான் பொறுப்பு" என்றார் சதாசிவம்.

முதல் நீண்ட பயணம் ஸ்கூடாயில் ஒரு கல்யாணத்துக்கு. கபீரின் மனைவி ஜொஹரா, அவளுடைய தங்கை, தங்கை வீட்டுக்காரர் எல்லோரும் பட்டுடுத்தி ஏறிக்கொண்டார்கள். பாதி வழி தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பிறகு இஞ்சின் முக்கி முக்கி நின்றுபோனது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். வெயிலில் நின்று நின்று, கடைசியில் அன்னாசிப்பழம் ஏற்றிப்போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனார்கள். பெண்களின் புடவையெல்லாம் அன்னாசிச் சாறு. தங்கை வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்று கபீர் சொன்னார். உண்மையில் கபீர் மறக்கவில்லை. காலையில் தன் கையாலேயே ஊற்றியிருந்தார். ஆனால் வாங்கிய வண்டி சரியில்லை என்று சகலை முன்னால் சொல்வதைவிட, மறந்துவிட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

பொந்தியான் பட்டறைச் சீனர் இஞ்சினைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார். இரும்பில் மயிரிழையாக ஒரு விரிசல். அதில் ஏதோ பசையைத் திணித்து, மேலே கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். பக்கத்தில் சுற்றினால் தெரியாது, தூரம் போய்ச் சூடேறினால் பசை இளகித் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று அவர் மலாயில் விளக்கினார். தெரியாமல் நடந்ததல்ல, மறைப்பதற்காகவே செய்தது என்பது கபீருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மறுவாரம் ஜொகூர் பாருவுக்குப் போனார். சதாசிவம் கடையில் அன்று நாலைந்து பெரிய மனிதர்கள் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபீர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சதாசிவம் குரலைத் தாழ்த்தவில்லை.

"பாத்துத்தானே வாங்கினீங்க? இது கார் பாய், உங்க கறிச்சட்டி இல்ல. தண்ணி வத்தினா ஒரு அகப்பை ஊத்தி இறக்கிடலாம்னு நெனச்சீங்களா?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கபீரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம், அவர்கள் சிரித்ததைவிடத் தான் சிரித்ததுதான் அவரை அரித்தது.

அதன்பிறகு யாரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஜொஹராவிடம்கூட. கார் கடைக்குப் பக்கத்தில் கித்தான் போர்த்தி நின்றது. ஏன் ஓட்டவில்லை என்று கேட்டவர்களிடம் கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றார். பட்டறைச் சீனரைக் கொண்டு விரிசலில் மறுபடியும் பசை வைத்துக்கொண்டார். எதற்கு என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்குப் பால் ஊற்றுகிறவள் வெள்ளையம்மா. புருஷன் போனபின் மாடு வளர்த்துப் பிழைத்து, ஒரே மகள் செல்லத்தைக் கட்டிக்கொடுத்தவள். மருமகன் லெட்சுமணன் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ரப்பர் விலை சரிந்தபோது ஆட்களைக் கழித்தார்கள், அவனையும் கழித்துவிட்டார்கள். சும்மா இருக்கிற மருமகனுக்கு ஒரு வழி பண்ண வேண்டும், அந்தக் காரைக் கொடுப்பீர்களா என்று ஒருநாள் பால் அளந்துகொண்டே கேட்டாள்.

கபீர் யோசிக்கிறேன் என்றார். யோசிக்கவும் செய்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். வெள்ளையம்மா பாதி மாடுகளை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தாள். முந்தானையிலிருந்து அவிழ்க்கும்போது நிமிர்ந்து பார்த்து, "வண்டி நல்ல வண்டிதான முதலாளி?" என்றாள்.

"நான் வச்சிருந்த வண்டி அக்கா" என்றார் கபீர்.

பொய் சொல்லவில்லை என்று அன்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

லெட்சுமணன் காரை அருமையாக வைத்துக்கொண்டான். தினமும் துடைத்தான், கதவுப் பிடிகளைத் தேய்த்து மின்ன வைத்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோர்ட் வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போன சீன வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு போனபோது, ஸ்கூடாய்க்கு இந்தப் பக்கம் வண்டி கொதித்து நின்றது. வியாபாரிக்கு வழக்கு தவறிப்போயிற்று. அவர் ஊருக்குத் திரும்பி, வெள்ளையம்மா வீட்டு வாசலிலேயே நின்று கத்தினார்.

மறுநாள் காலை வெள்ளையம்மா லெட்சுமணனையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்கட்டில் சமையற்காரர்களும் மேசை துடைக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் மருமகனை வைதாள். லாரி ஓட்டினேன் என்று பெருமை பேசத் தெரியும், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றத் தெரியாது. என் மாடுகளை விற்று இவனுக்கு வாழ்வு கொடுத்தேன், எல்லாவற்றையும் எரித்துவிட்டான் என்றாள். லெட்சுமணன் தலைகுனிந்து நின்றான். பிறகு கபீரைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்க முதலாளி. உங்ககிட்ட இருந்தப்ப இப்படிக் கொதிச்சுதா?"

எல்லோரும் கபீரைப் பார்த்தார்கள். அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"தண்ணியைப் பாத்துக்கணும் தம்பி" என்றார் அவர்.

சொன்ன கணமே அது சதாசிவத்தின் பேச்சு என்று தெரிந்தது. முகம் தீயாய்ச் சுட்டது. அடுப்புச் சூடு என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். லெட்சுமணன் அன்று மாலையே பத்து பாகாட் என்ற ஊருக்குப் போய்விட்டான் என்றும், அங்கே படகுத்துறையில் மூட்டை தூக்குகிறான் என்றும் பிறகு கேள்வி. செல்லம் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

அதற்கப்புறமும் வெள்ளையம்மா பால் கொண்டுவந்தாள். ஒவ்வொரு காலையும் கபீரைப் பார்த்து, பாவம் முதலாளி, நல்ல வண்டியை நம்பிக் கொடுத்தீங்க, அவன் பாழாக்கிட்டான் என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் வருகிற நேரத்தில் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். தொழப் போனால் வரிசையில் பின்னால் நின்றார். சோறு இறங்கவில்லை. ஜொஹரா துருவித் துருவிக் கேட்டபோது ஒருநாள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அன்றைக்கு லாரியில் நசுங்கி வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை என்றாள். வெள்ளையம்மாவின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆகட்டும் என்று வளையல்களைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கபீர் வெள்ளையம்மாவின் மாட்டுக்கொட்டகைக்குப் போனார். வெயில் ஏறிய நேரம். அவள் சாணம் வாரிக்கொண்டிருந்தாள். விரிசலைப் பற்றியும், அது தனக்கு முன்பே தெரியும் என்பதையும், தெரிந்துதான் விற்றேன் என்பதையும் சொன்னார். காரை எடுத்துக்கொண்டு பணத்தை முழுக்கத் தருவதாகச் சொன்னார். அவள் கையைக் கழுவவில்லை. சாணக் கையோடு அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"முதல்ல எம்மருமகனைக் கூட்டியாந்து விடுங்க" என்றாள். "காசைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பத்து பாகாட் படகுத்துறையில் லெட்சுமணனைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கபீர் சொன்னதை அவன் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டான். அடிப்பான் என்று கபீர் எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார். அவன் கேட்டது வேறு. சதாசிவத்தை ஏன் சும்மா விட்டீர்கள் என்று கேட்டான். போனால் போகிறது, நஷ்டம் என்னோடு முடியட்டும் என்றுதான் விட்டேன் என்றார் கபீர்.

"உங்களோட எங்க முடிஞ்சுது? எங்க தலையில வந்து விழுந்துச்சு. அந்தக் கடையில இன்னும் எத்தனை வண்டி சாயம் அடிச்சு நிக்குதோ. நீங்க வெக்கப்பட்டுகிட்டு உக்காந்திருந்தா அடுத்தவன் வாங்கத்தான் போறான்."

லெட்சுமணனை ஊருக்குக் கூட்டிவந்து, வெள்ளையம்மாவின் பணத்தைக் கொடுத்துக் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டபின், அந்தப் பேச்சுக்காகவே கபீர் வக்கீலிடம் போனார்.

வக்கீலின் குமாஸ்தா தங்கராஜு தமிழர். வக்கீல் சொன்னதை அவர் விளக்கினார். இன்ன வேலைக்கு என்று சொல்லிக் கேட்டு, தாங்கும் என்று கடைக்காரன் வாக்குக் கொடுத்து, அதை நம்பி வாங்கியிருந்தால் அது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல. வாக்குக்கு அவன் கட்டுப்பட்டவன். குறையை மூடி மறைத்திருந்தால், பார்த்துத்தானே வாங்கினாய் என்கிற பேச்சும் எடுபடாது. கேட்கக் கேட்கக் கபீருக்குத் தெம்பு வந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது என்றார் தங்கராஜு. அந்த வண்டியை நீங்கள் இன்னொருவருக்கு விற்றிருக்கிறீர்கள். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஜொகூர் பாரு கோர்ட்டில் முதலில் பட்டறைச் சீனர் சாட்சி சொன்னார். பிறகு கபீர் கூண்டில் ஏறினார். சதாசிவத்தின் வக்கீல் நிதானமாகக் கேட்டார். தகராறு செய்தபின்னும் காரை மாதக்கணக்கில் வைத்திருந்தீர்கள் அல்லவா? அப்புறம் அதைப் பால் விற்கிற ஒரு விதவைக்கு விற்றீர்கள் அல்லவா? வண்டி நல்ல வண்டியாக இருந்ததால்தானே விற்றீர்கள்? கெட்ட வண்டி என்று தெரிந்து அவளுக்கு விற்றிருந்தால் நீங்கள் மோசக்காரர் ஆகிவிடுவீர்களே. இரண்டில் எது?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடித்தார். கபீர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னால் வழக்கு போகும், மானம் மிஞ்சும். கடைசி பெஞ்சில் வெள்ளையம்மாவும் லெட்சுமணனும் இருந்தார்கள். சதாசிவம் வக்கீலுக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கெட்ட வண்டின்னு தெரியும். தெரிஞ்சுதான் அந்தம்மாவுக்கு வித்தேன். ஏமாந்தவன்னு பேரு எடுக்க வெக்கப்பட்டு, ஏமாத்திட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். 'தீப்பு' என்ற சொல் கபீரின் காதில் விழுந்தது. ஏமாற்று என்பதற்கு அந்தச் சீமையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். கபீர் கூண்டிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார்.

தீர்ப்பு பிற்பகலில் வந்தது. சதாசிவம் வாக்குக் கொடுத்ததும், விரிசலைச் சாயம் பூசி மறைத்ததும் ருசுவாயின என்றும், காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட் சொன்னார். தனக்குக் கேடான உண்மையையே சொன்ன சாட்சியை நம்பாமல் இருக்கக் காரணமில்லை என்று ஒரு வாக்கியமும் சேர்த்தார். அது பாராட்டா என்று கபீருக்குத் தெரியவில்லை. தங்கராஜு கை கொடுத்தார். கபீர் கையை நீட்டினாரே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது வெள்ளையம்மா தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். லெட்சுமணன் கபீர் பக்கத்தில் வந்து நின்றான். நீ சொல்லித்தான் இது நடந்தது தம்பி, இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார் கபீர்.

"இங்க சொன்னீங்க. இவங்களுக்கு என்னையும் தெரியாது, உங்களையும் தெரியாது" என்றான் லெட்சுமணன். அவன் குரலில் கோபம் இல்லை. "நான் திட்டு வாங்கினது உங்க கடையில, உங்க ஆளுங்க முன்னாடி. அங்க யாருகிட்டயும் நீங்க இன்னும் சொல்லல."

பஸ் வந்தது. அவனும் வெள்ளையம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். கபீர் பின்னால் உட்கார்ந்தார்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு ஆள் நிரம்பிய நேரம் பார்த்து, லெட்சுமணனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவன் வந்து நிலைப்படியருகே நின்றான். பின்கட்டில் இருந்தவர்களையும் கபீர் முன்னால் கூப்பிட்டார். கோர்ட்டில் பிடித்துக்கொள்ளக் கட்டை இருந்தது, இங்கே கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தினமும் தன்னிடம் சாப்பிடுகிற முகங்கள் இலையிலிருந்து நிமிர்ந்தன.

"லெட்சுமணன் தண்ணி ஊத்தாம விடல. நான் வித்த வண்டிதான் உடைஞ்ச வண்டி. எனக்கு அது தெரியும்" என்றார்.

பெரிய சமையற்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மூலை மேசையில் ஒருவர் ரசம் கேட்டார். லெட்சுமணன் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, தலையை ஒருமுறை அசைத்து, தெருவில் இறங்கி நடந்தான். கபீர் ரசம் எடுத்துவர உள்ளே போனார்.