கீச்சிடாத மணி

சாவியைத் திருப்பினால் படகு மோட்டாரின் அபாய மணி ஒரு முறை கீச்சென்று கத்தி அடங்க வேண்டும். அன்று அது வாயே திறக்கவில்லை.

"நேத்து பாதி வழியில அப்படி அலறிச்சே, இன்னைக்கு ஏன் ஊமையா இருக்கு?" என்று அவள் கணவனிடம் கேட்டாள்.

"தம்பி சரி பண்ணிட்டான். கத்தினாலும் குத்தம், கத்தலைன்னாலும் குத்தமா? உன்கிட்ட மாட்டினா மோட்டாருக்கும் கதி இல்ல," என்றான் கணவன். அக்கரையிலுள்ள அத்தை வீட்டுக்குப் போகப் பிள்ளைகள் இருவரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

கொழுந்தன் மேல் அவளுக்கு என்றுமே நம்பிக்கை இல்லை. அவன் கைவரிசையாகத்தான் இருக்கும் என்று சாவிக்குப் பின்னாலிருந்த மூடியைக் கழற்றினாள். மணிக்குப் போகும் வயரைப் பிடுங்கி டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி சின்னதாக மடித்திருந்தது. கொழுந்தன் டேப்பைப் பல்லால் கடித்து அப்படியே ஒட்டுவான். மறுபடி பிரிக்க வசதியாக நுனியை மடிப்பது அந்த வீட்டில் ஒருவன்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். கணவன் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தான். இத்தனை வருஷமும் தப்பான ஆளைத்தான் சந்தேகப்பட்டோமோ என்று தோன்றியது.

வயரை மாட்டி மோட்டாரைக் கிளப்பினாள். மோட்டாரைக் குளிர்வித்துப் பக்கவாட்டில் பீச்ச வேண்டிய தண்ணீர் சொட்டுக்கூட வரவில்லை. சூடேறி, இரண்டே நிமிஷத்தில் மணி அலறியது.

"நீ பயந்துக்குவேன்னுதான்..." என்று இழுத்தான் கணவன்.

"பயப்படட்டும்னுதானே அதை வச்சிருக்காங்க."

மோட்டாரை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இறக்கினாள்.

"அங்க காத்திருப்பாங்களே, என்ன சொல்றது?"

"மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. அதுவாவது நிஜமா இருக்கட்டும்."