முழுப் புழு

"இழுக்காதீங்க! மணலத்தான் எடுக்கணும்," என்றாள் கயோகோ.

"தெரியும்மா தாயே," என்றார் இசாமு. பஸ் ஓட்டுகிறவருக்கு விடுமுறை நாளில் இதுதான் வேலை. கடல் வற்றிய நேரத்தில் மண்டியிட்டு, ஆராய்ச்சிக்கார மனைவிக்குப் புழு தோண்டிக் கொடுப்பார். பாலத்துக் கைப்பிடித் தூணின் உச்சிக் குமிழைப் போலத் தலை இருப்பதால் அந்தப் பக்கம் அதைக் குமிழ்ப்புழு என்பார்கள். மருந்துக்கடை நாற்றம் அடிக்கும், தொட்டால் அறுந்துபோகும்.

போன வருடம் இங்கே கிடைத்த ஒன்றைக் கயோகோ அறுத்துப் பார்த்தாள். சில வகைக் குமிழ்ப்புழுக்களுக்கு இருக்கும் கல்லீரல் புடைப்புகள் அதன் உடம்பில் எங்குமே இல்லை. அவை இல்லாத புழுக் குடும்பத்தில் சேர்த்து, புது இனம் என்று எழுதி, கணவர் பெயரையே வைத்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "நாறுற புழுவுக்கு வேற எவன் பேர வைப்பாங்க?" என்று டிப்போவில் கிண்டல் செய்தார்கள். அதையும் வீட்டில் வந்து பூரிப்போடு சொன்னார்.

இன்று முதல்முறையாக ஒரு புழு அறுபடாமல் இசாமுவின் கைக்கு வந்தது. ஒரு முழத்துக்கும் மேல் நீளம். தலைக்குமிழ், கழுத்துப்பட்டை, இரண்டு வரிசைச் செவுள் துளைகள், எல்லாம் அவளுடைய புழுவேதான். கீழே போகப் போக, வரிசையாகப் பச்சைப் புடைப்புகள்.

கயோகோ குனிந்து அவற்றை உற்றுப் பார்த்தாள். போன வருடம் அறுத்தது பாதிப் புழு. முன்பே அறுந்த இடத்தில் காயம் ஆறியிருந்ததால் முழுசு என்று நம்பிவிட்டாள். இது வேறு குடும்பம், யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்ட புழு.

"என்னடி, மூஞ்சி செத்துப்போச்சு?"

"இதுக்கு ஏற்கனவே பேர் இருக்குங்க."

அவர் புழுவையே பார்த்தார். "அப்ப என் பேரு?"

"எடுத்துடணும்."

சுற்றிலும் யாரும் இல்லை. அவர் விரல் கொஞ்சம் அழுந்தினால் போதும், புழு அறுந்து புடைப்புகள் மணலோடு போய்விடும், பெயர் தங்கிவிடும். அழுந்தட்டும் என்று ஒரு கணம் அவளே ஆசைப்பட்டாள். அந்த ஆசை அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மசமசன்னு நிக்காத," என்றார் இசாமு. "நடுவுல தொங்குது பாரு. வாலப் பிடி."

அவள் இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினாள். தலைப்பக்கம் அவர் கையில், வால்பக்கம் அவள் கையில். வாளி வெகுதூரத்தில், கரையோரமாக இருந்தது. இருவரும் ஒருவர் காலடியை ஒருவர் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் மெல்ல நடந்தார்கள்.