பெர்கனுக்கு முன்னால் வந்த தந்தி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்காபரோ அடுக்குமாடி வீட்டில் ஜன்னல்களை இழுத்து மூடி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கல்யாணசுந்தரம் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தார். பார்க்க மனைவி கிருஷ்ணவேணி மட்டும்தான். ஜூலையில் கப்பலில் நார்வே போய் வந்தபோது எடுத்தவை. கழுவி வந்து ஒரு மாதமாகியும் பிரிக்காமல் கிடந்தன. எப்படி மனசு வரும்? அவர்கள் பெர்கன் துறைமுகத்தில் இறங்கிய அதே புதன்கிழமைதான் மன்னார்குடியில் அவருடைய அம்மா கண்ணை மூடினாள்.

"இதோ பாரு வேணி, மீன் சந்தை. மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படி இளிக்கிறேன் பாரு. அந்த நேரத்துல அங்க அம்மாவுக்கு..." அவர் அடுத்த ஸ்லைடைத் தள்ளினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று வேணிக்குத் தெரியும்.

கப்பல் பிடிக்க லண்டனுக்கு விமானம் ஏறவேண்டிய வியாழக்கிழமை அது. கல்யாணசுந்தரம் அரை நாள் வேலைக்குப் போயிருந்தார். காலை பதினோரு மணிக்குத் தந்தி வந்தது. 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.' படித்ததும் பாவி மகளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன் வராது? மாமியார் என்ன லேசுப்பட்டவளா! மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு முன்பு ஒருமுறை இதே வாசகத்தை அனுப்பினாள். அலறியடித்து வந்தவரைக் குளித்துவிட்டு வரச்சொல்லி, வேணியைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனாள். நாலு வருஷத்துக்கு முன்னால் மறுபடியும் அதே தந்தி. கனடாவிலிருந்து விழுந்தடித்துப் போனால், அம்மா குத்துக்கல்லாட்டம் வாசலில் நின்று, சின்ன மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

இது மூன்றாவது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வாய்த்த முதல் உல்லாசப் பயணம். தந்தி அவர் கண்ணில் பட்டால் பெட்டியைப் பிரித்துவிடுவார். கிழவி இந்தத் தடவை எந்த விசேஷத்துக்குக் கூப்பிடுகிறாளோ, திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்று வேணி அதை நாலாகக் கிழித்து, மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளும் குழாயில் போட்டுவிட்டாள்.

பெர்கனில் மழை தூறிக்கொண்டிருந்தது. கரையோர மரவீடுகளின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று கல்யாணசுந்தரம் அம்மாவுக்கு ஒரு பட அஞ்சலட்டை எழுதினார். "ஊர்ல ஆடி பொறந்தாச்சு. ஒரு விசேஷமும் வைக்க மாட்டாங்க. அம்மாவுக்குப் பொழுதே போகாது" என்று சிரித்தார்.

வேணிக்குத் திக்கென்றது. ஆடி மாசம்! ஆடியில் எவன் வீட்டில் விசேஷம் வைப்பான்? எதற்காக மாமியார் பொய்த் தந்தி அடிக்கவேண்டும்? எதிரே தபாலாபீஸ் இருந்தது, டெலிபோனும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள், வாய் எழும்பவில்லை. அஞ்சலட்டையில் 'அத்தைக்கு நமஸ்காரம்' என்று எழுதி, தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டாள்.

சுவரில் ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. வேணி போய்த் திறந்தாள். ஜாபர் நின்றுகொண்டிருந்தான்.

நாகப்பட்டினத்துப் பிள்ளை, கீழ்மாடியில் குடியிருப்பவன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். கப்பல் பயணம் கிளம்பும்போது தபால்பெட்டிச் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். வியாழனே தந்தி கொடுத்தோமே என்று மன்னார்குடியில் காரியத்தன்று அவருடைய அக்கா அழுததிலிருந்து, தாங்கள் கிளம்பிய பிறகு வந்த தந்தியை ஜாபர்தான் தொலைத்துவிட்டான் என்று கல்யாணசுந்தரம் அவனோடு பேச்சை முறித்துக்கொண்டார். ஒன்றரை மாதமாயிற்று. வேணி வாயே திறக்கவில்லை.

"நோன்பு வந்திருச்சுண்ணே, இதை மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல" என்றான் ஜாபர். "யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். விளம்பரத் தாளுங்களோட அதையும் சேத்து வீசியிருப்பேன் போல. ஞாபகம் இல்ல. ஆனா நான்தான் செஞ்சிருக்கணும். என்னை மன்னிச்சிருங்க." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

"மன்னிச்சா எங்கம்மா வந்துருவாங்களா?" என்றார் கல்யாணசுந்தரம்.

அட கடவுளே, செய்யாத தப்புக்கு ஒருத்தன் அழுகிறான், செய்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! வேணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவன் தொலைக்கலைங்க. தந்தி என் கையிலதான் வந்துச்சு. நாம கெளம்புற அன்னைக்குக் காலையில, பதினோரு மணிக்கு. அத்தை வழக்கம்போல விளையாடுறாங்கன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

கல்யாணசுந்தரம் விரல் விட்டு எண்ணினார். வியாழன், வெள்ளி, சனி என்று புதன்வரைக்கும் வந்து நிறுத்தினார்.

"ஆறு நாள் இருந்திருக்காங்க. பெரியவன் கெளம்பிட்டானா, கெளம்பிட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அக்கா சொல்லிச்சு."

எழுந்து போய் ஜாபரின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "நீதான் என்னை மன்னிக்கணும்டா" என்றார்.

வேணி அழுதுகொண்டே கிட்டே வந்தாள். "எப்பவும்போலப் பொய்யின்னு நெனச்சுட்டேங்க. சத்தியமா நெசம்னு தெரியாது."

"நான் பாத்திருந்தாலும் பொய்யின்னுதான் நெனச்சிருப்பேன்" என்றார் கல்யாணசுந்தரம். குரல் உயரவில்லை. "ஒருவேளை சிரிச்சுட்டுக் கப்பலும் ஏறியிருப்பேன். ஆனா அவங்க எங்கம்மா, வேணி. பொய்யா நெசமான்னு நெனைக்க வேண்டியவன் நான்."